மாயவன் ஆஜர்

செத்துப்போன அடுத்த வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கள்ளக்குறிச்சி கோர்ட்டில் டவாலி மூன்றாவது முறை பெயரைக் கூப்பிட்டதும் மாயவன் "கீறேங்க" என்று பதில் சொன்னார். அன்று மரவள்ளிக் கிழங்கு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. தியாகதுருகம் போகிற பஸ் ஒன்று டயர் வெடித்துக் கூட்ரோட்டில் நின்றது. இந்த மூன்றில் ஊர் அதிகம் பேசியது கிழங்கு விலையைப் பற்றித்தான். கோர்ட்டு வளாகத்தில் இருந்தவர்கள் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். குரல் வராந்தாவின் கிழக்குத் தூண் பக்கமிருந்து வந்தது. அங்கே ஆள் இல்லை, வெயில்தான் சாய்வாக விழுந்து கிடந்தது. டவாலி சின்னக்கண்ணு தலை நரைக்க நரைக்கப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பவர். பதில் வந்தால் உள்ளே சொல்வது அவர் வேலை; பதில் சொன்ன ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. ஆகவே உள்ளே திரும்பி, "மனுதாரர் மாயவன் ஆஜர் ஐயா" என்றார். நீதிபதி குனிந்த தலை நிமிராமல் வாய்தா போட்டார், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று முழங்கால் வலி.

தூணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி, மாயவனின் மனைவி, அந்த ஒரு சொல்லைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டாள். புருஷன் போய்விட்டார், இனி இந்த வழக்கு வேண்டாம் என்று வக்கீல் வெங்கடேசனிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் அவள் அன்று வந்திருந்தாள். நடுவில் வந்த வாய்தாக்களில் ஒன்றில் கோர்ட்டு லீவு, ஒன்றில் வக்கீல்கள் புறக்கணிப்பு, ஒன்றில் நீதிபதி மாற்றலாகிப் போயிருந்தார். அதனால் மாயவன் இறந்தபின் அவர் பெயரை யாரும் கூப்பிடவே இல்லை. இப்போது கூப்பிட்டார்கள், வந்துவிட்டார். கரும்புச் சோகை எரித்த புகை ஏறிக் கரகரத்துப்போன அதே தொண்டை. சொல்லுக்கு முன்னால் லேசாக ஒரு செருமல், அதுவும் அதேதான். வெங்கடேசன் வெளியே வந்தபோது அவள் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தாள்.

வழக்கு பிறந்த கதை சின்னது. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் கல்லேரிக்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி ராஜாங்கத்தின் குடும்பத்தில் அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்தது. கரும்பும் மரவள்ளியும் போட்ட நிலம், கட்சியில் ஒன்றியப் பொறுப்பு, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, இதெல்லாம் அவருக்கு உண்டு. மாவட்டம் பிரிவதற்கு முந்தின தேர்தலில் சுழற்சி முறையில் அந்த நாற்காலி காலனி ஆட்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ராஜாங்கம் அலட்டிக்கொள்ளவில்லை, காலனியைச் சேர்ந்த தன் டிராக்டர் டிரைவர் தீனதயாளனை நிறுத்தினார். யாரையும் கேட்காமல் மாயவனும் நின்றார். நிலம் கிடையாது, கட்சி கிடையாது, பூட்டு சாவி சின்னம். கூடக் கரும்பு வெட்டுகிறவர்கள் வேலை முடிந்த கையோடு, கை கால் கழுவாமல் தெருத் தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். ராஜாங்கத்துக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது, வாக்குப்பதிவு நெருங்க நெருங்க வேடிக்கை குறைந்தது.

ஓட்டுப் போடுகிற நாள் காலையில் செவ்வந்தி ஒரு காரியம் செய்தாள். புதுத் துணியோ கல்யாணப் பத்திரிகையோ எதுவானாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் அந்தக் காலனியில் கையில் எடுப்பார்கள். "மொத மொத நம்ம ஆளு சின்னம் அச்சுல வந்துகீது. மூளிப் பேப்பரயா பொட்டில போடறது?" என்று சொல்லி, குழைத்த மஞ்சளை ஒரு இலையில் வாரிக்கொண்டு போய், வரிசையில் நின்ற பெண்கள் விரலிலெல்லாம் தொட்டுவிட்டாள். அவர்களும் உள்ளே போய்ச் சீட்டின் நான்கு மூலையிலும் பக்தியாக மஞ்சள் வைத்து, மடித்து, பெட்டியில் போட்டார்கள். எண்ணுகிற இடத்தில் மஞ்சள் சீட்டு வர வர அதிகாரி அதைத் தனியாக ஒதுக்கினார். போட்டவர் யாரென்று காட்டுகிற குறி சீட்டில் இருந்தால் அந்த ஓட்டு செல்லாது, விதி அப்படி. தனக்குப் போட்டவர்கள் யார் யாரென்று தெரிந்துகொள்ள மாயவனே செய்த ஏற்பாடு இது என்று ராஜாங்கத்தின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். மஞ்சள் சீட்டுகளைச் சேர்த்தால் மாயவன், தள்ளினால் தீனதயாளன். தள்ளினார்கள். வெளியே வெடி வெடித்தது.

மேசை ஓரத்தில் குவிந்த மஞ்சள் சீட்டுகளைப் பார்த்தபோதுதான் மாயவனுக்கே விஷயம் தெரியும். ஊருக்குத் திரும்பி நடக்கிற வழியெல்லாம் செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "என் கையாலயே உன்னத் தோக்கடிச்சிட்டேன். ரெண்டு வார்த்த திட்டேன்யா" என்று கெஞ்சினாள். அவர் திட்டவில்லை. "நல்லதுன்னுதான வெச்ச. அத எண்ணவே மாட்டன்னுட்டானுங்க பாரு, அதுக்குத்தான் கோர்ட்டுக்குப் போவணும்" என்றார். அந்தப் பெருந்தன்மை அவளுக்குத் திட்டைவிட ஜாஸ்தியாக வலித்தது.

மனு விழுப்புரத்தில் தாக்கலானது. தீனதயாளன் ஐந்து வருஷம் தலைவராக இருந்தார். கையெழுத்து அவருடையது, பேனா ராஜாங்கத்துடையது. அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வர வேண்டிய வருஷத்தில் வராமல், ஊர்களை அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். மாவட்டம் பிரிந்தது, வழக்குக் கட்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தது, பிறகு ஒரு தேர்தலும் வந்து போனது. மனு மட்டும் அப்படியே இருந்தது. பதவியே முடிந்துபோன பிறகு இந்த மனு எதற்கு என்று ஒரு நீதிபதி கேட்டபோது, "நாற்காலி வேணாங்க, எண்ணிட்டாப் போதும்" என்று மாயவன் உயிரோடு இருந்த காலத்தில் கைகட்டிச் சொன்னார். காலனிப் பெண்களுக்குச் செல்லாத ஓட்டு என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ரேஷன் கடையில் யாராவது வரிசை தாண்டினால், "ஏ செல்லாத ஓட்டு, பின்னால போ" என்பார்கள். தாண்டாதவர்களையும் சொன்னார்கள். செவ்வந்தி அதைக் கேட்கும்போதெல்லாம் தன் வலது கை விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள்.

வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி பிடுங்கப் போன வேன் இறக்கத்தில் ஒரு வளைவில் கவிழ்ந்தது. பலருக்குக் கை கால் போனது, உயிர் மாயவனுக்கு மட்டும் போனது. செவ்வந்தி அன்று மலைக்குப் போகாமல் கீழே களையெடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்தபோது அவள் கையில் களைக்கொத்து இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்து ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விட்டாள்.

இப்படிச் செத்தவர்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஜரானார். அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் இறப்புச் சான்றிதழைக் காட்டி, தேர்தல் மனு போட்டவர் இறந்தால் மனுவும் கூடவே இறந்துவிடும் என்று வாதாடினார். வெங்கடேசன் எழுந்து, ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு அவர் வாயால் சொல்வதைவிட நேரடிச் சாட்சியம் வேறென்ன வேண்டும் என்று கேட்டார். நீதிபதி சான்றிதழைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், மறுபடி கூப்பிடச் சொன்னார். மூன்றாவது அழைப்பில் செருமலும் "கீறேங்க"வும் வந்தன. கூப்பிட்டால் குரல் கொடுக்கிறவரை இல்லாதவர் என்று பதிய இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உத்தரவாகி, வழக்கு நிலுவையில் தொடர்ந்தது. அதன்பின் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்தது. பாகப்பிரிவினை வழக்குகளில் தாத்தாக்கள் பதில் சொன்னார்கள். ஜீவனாம்சம் கேட்டுச் செத்த ஜெயம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆஜரானாள். வக்கீல் சங்கம் அவசரமாகக் கூடி, இறந்த கட்சிக்காரர்கள் ஆஜராவதால் தொழிலுக்குப் பாதகம் ஏதுமில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டு டீ குடித்தது.

உலகத்தில் எல்லோரும் வாய்தா என்றால் வயிறெரிவார்கள், செவ்வந்திக்கு மட்டும் அது திருவிழாவானது. வாய்தா நாளில் தலைக்குக் குளித்து, இருக்கிற நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கே வந்து தூணுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். மழைக்காலத்தில் அவர் குரலில் சளி கட்டியிருக்கும். கரும்பு வெட்டுக் காலத்தில் களைப்புத் தெரியும். பதில் வந்ததும் அவள் தூணைப் பார்த்து வீட்டு விஷயமெல்லாம் சொல்லுவாள். ஒன்றுக்கும் பதில் வராது. கோர்ட்டு கேட்டதற்கு மட்டும்தான் அவர் பதில் சொல்வார். நைனார்பாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் தமிழ்மொழியை ஒருமுறை அழைத்து வந்தாள். அப்பாவின் குரலைக் கேட்டதும் அவள் வராந்தாவிலேயே மயங்கி விழுந்தாள். தெளிந்ததும், "எனுக்கு இது வேணாம்மா, என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனவள், பிறகு வரவில்லை. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் செவ்வந்தி டவாலியிடம் போய், சும்மா ஒரு தடவை கூப்பிடுங்கள் என்று மன்றாடினாள். சின்னக்கண்ணு சுற்றிலும் பார்த்துவிட்டு மூன்று முறை கூப்பிட்டார். தூண் பக்கம் சத்தமே இல்லை. "கேஸு எடுத்தாத்தாம்மா வருவாரு. நான் இன்னா பண்ணட்டும்" என்று அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்களாட்சி மற்றும் நீதித்துறைச் சீர்திருத்த மாநாடு நடந்தது. ராஜாங்கம் அப்போது மாவட்டப் பொறுப்புக்கு உயர்ந்திருந்தார். ஒதுக்கீட்டு நாற்காலிகளில் பினாமிகள் உட்காருவதை ஒழிக்க வேண்டும் என்று அவர் பேசியபோது தீனதயாளன் கீழே நின்று அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கடேசன் வாய்தா என்கிற நோயைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அந்த மாநாட்டுக்காக அன்று காலை அவர் எல்லா வழக்குகளிலும் வாய்தா வாங்கியிருந்தார். மலை மக்கள் கீழே இறங்கி அலையக் கூடாது, வெள்ளிமலையிலேயே கோர்ட்டு வரும் என்று அறிவித்து, மறுவாரம் அடிக்கல்லும் நாட்டினார்கள். கட்டடம் வரவில்லை. கல் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு சாண் வளர்ந்தது. மலைக்காரர்கள் அதன் நிழலில் கடுக்காய் காய வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் கோர்ட்டே தேவைப்படாது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் சீர்திருத்தம் சில சமயம் பேச்சுக்கு மயங்காமல், வேறு பக்கமாக ஓசையில்லாமல் வந்துவிடும். புதிதாக ஒரு பெண் நீதிபதி மாற்றலாகி வந்தார். பழைய தேர்தல் மனுக்களை இந்த வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை மற்றவர்கள் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் உட்கார்ந்து படித்துத் தொலைத்தார். முழங்கால் வலிக்கு அவரிடம் வாய்தா கிடையாது. வேண்டுமானால் நாற்காலியில் உட்கார்ந்து வாதாடலாம். சீல் வைத்த பெட்டியைத் திறக்கச் சொன்னார். இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த சீட்டுகளின் மூலையில் மஞ்சள் அன்று காலையில் வைத்தது போல ஈரமாக இருந்தது, கோர்ட்டு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை அடித்தது. நீதிபதி கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, இந்த மஞ்சள் யார் சொல்லி, எதற்காக வைக்கப்பட்டது என்று அதை வைத்தவரே சாட்சி சொல்லாமல் தீர்ப்பு எழுத முடியாது என்றார். இத்தனை வாய்தாவில் செவ்வந்தியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. வெங்கடேசன் வெளியே வந்து, "மொத்தக் கேஸும் இப்ப உன் வாயிலதாம்மா கீது. வந்து நடந்ததச் சொல்லு, ஜெயிச்சிடலாம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் தூணைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அவர் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அது வக்கீலுக்கும் பெற்ற மகளுக்கும் தெரியவில்லை, ராஜாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. ஒரு காலையில் அவள் கிழங்குக் கொல்லையில் வேலையாக இருந்தபோது, கார் வரப்போரம் வந்து நின்றது. அவர் மட்டும் தனியாக இறங்கி வந்தார்.

"இந்தாம்மா செவ்வந்தி, நான் மெரட்ட வரல. சாட்சி அன்னிக்கி நீ ஒடம்பு முடியலன்னு படுத்துக்க. ஒரு மாசம் தள்ளும். அந்த ஜட்ஜம்மா எத்தினி நாளிக்கி இங்க இருப்பாங்க? மாத்தலாகிப் போற வரைக்கும் நீ சாட்சி சொல்லாம இரு, அப்பறம் நான் பாத்துக்கறேன். நீ உசுரோட கீற வரைக்கும் அந்தக் கேஸு முடியாது. அது என் பொறுப்பு."

"இன்னாத்துக்குங்க ஐயா எனுக்கு அது?" என்றாள் அவள், தெரியாதவள் மாதிரி.

"நீ எதுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் தல குளிச்சிட்டு வர்றேன்னு எனுக்குத் தெரியாதா?" என்றவர் கிழங்குச் செடிகளைப் பார்த்தார். "எங்கூட்டுக்காரி அம்சவள்ளி போயி வருசம் ஆவுது. அவ பேர்ல ஒரு கேஸு இல்லாமப் போச்சேன்னு எத்தினி நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா?"

சொல்லிவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் தடுமாறிப் போனார். அந்த மனிதரை அவளால் அன்று வெறுக்க முடியவில்லை. தன் மனசை முதன்முதலாகச் சரியாகப் படித்தவர் இவர்தானா என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. படுத்துக்கொள்வது என்று முடிவே செய்துவிட்டாள். உடம்பு உண்மையிலேயே கொஞ்சம் காய்ந்தது.

சாட்சிக்கு முந்தின நாள் களையெடுக்கையில் பக்கத்து நிரையில் கமலா இருந்தாள். செவ்வந்தி வந்த வருஷமே அந்தக் காலனிக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள். இரண்டு பேரும் ஒரே வயசு. குனிந்த வாக்கிலேயே கமலா கேட்டாள்: "எண்ணுவாங்களாடி அத? நெசமாவா?" செவ்வந்தி களைக்கொத்தை மண்ணில் இறக்கினாள். "அதுக்கப்பறம் நான் ஒரு ஓட்டும் போடலடி. எத்தினி எலக்ஷன் வந்துது, கூப்டாங்க, வண்டி அனுப்புனாங்க, போவல. நாம போட்டா செல்லாதுன்னு ஆயிடுச்சு, எதுக்குப் போயி நிக்கணும்? அத எண்ணிட்டாங்கன்னா ஒருவாட்டி போவலாம்னு கீது." இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு அடுத்த செடிக்குப் போய்விட்டாள். செவ்வந்திக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. புருஷனோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறவளுக்கு ஓட்டு ஒரு கேடா என்று உள்ளுக்குள் திட்டினாள். திட்டிக்கொண்டே வரப்பில் ஏறி உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். மறுநாள் தலைக்குக் குளிக்காமல், கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினாள்.

சின்னக்கண்ணு கூப்பிட்டார். மூன்றாவது அழைப்பில் மாயவன் ஆஜரானார். செவ்வந்தி அந்தப் பக்கம் பார்க்காமல் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்தபடியே, உங்கள் கணவர் சொல்லித்தானே மஞ்சள் வைத்தீர்கள் என்று கேட்டார்.

"இல்லிங்க. அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா வேணாம்னுருப்பாரு. எல்லாம் என் புத்திதான்."

"உங்கள் கணவருக்குப் போடுகிறவர்கள் விரலில் மட்டும் வைத்தீர்கள், அப்படித்தானே?"

"யாரு யாருக்குப் போடுவாங்கன்னு எனுக்கு எப்டிங்க தெரியும்? நின்ன பொம்பளைங்க எல்லார் வெரல்லயும் வெச்சேன். தீனதயாளன் பொண்டாட்டி வெரல்லயும்தான் வெச்சேன். அவளுக்கும் அது புதுப் பேப்பருதான?"

கோர்ட்டில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. பின்வரிசையில் நின்ற தீனதயாளன் தலையைக் குனிந்துகொண்டார்; அவர் வீட்டில் அது அப்போதே தெரிந்த விஷயம், அவரை யாரும் கேட்கவில்லை. வக்கீல் தன் கட்டை மூடினார். நீதிபதி தீர்ப்புக்குத் தேதி குறித்துவிட்டு, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. தீர்ப்பு அன்னிக்கி அவரு பேரக் கூப்புடுவாங்கதான? கொஞ்சம் மெதுவாக் கூப்புடச் சொல்லுங்கம்மா. ஒரு தபாக்கும் அடுத்த தபாக்கும் நடுவுல நேரம் வுட்டு."

தட்டச்சு செய்கிற பெண் இதை எழுதுவதா வேண்டாமா என்று நிமிர்ந்து பார்த்தாள். நீதிபதி எழுது என்று தலையசைத்தார். அப்படியே உத்தரவானது.

தீர்ப்பு நாளில் காலனிப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். கமலா வெற்றிலை போடாமல் வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு நின்றாள். ராஜாங்கம் வரவில்லை. சின்னக்கண்ணு அன்று தோளில் மாட்டுகிற டவாலிப் பட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். உத்தரவை நன்றாக மனசில் வாங்கிக்கொண்டு, இரண்டு அழைப்புகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் நிற்பது என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். செவ்வந்தி தூணுக்கு எதிரே நின்றாள். மூன்று அழைப்பு, நடுவில் இரண்டு இடைவெளி. அந்த நேரத்துக்குள் அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அவளும் யோசித்து வைத்திருந்தாள். சின்னக்கண்ணு மூச்சை இழுத்து, எழுத்து எழுத்தாக நீட்டி, "மா...யவன்" என்று கூப்பிட்டார். அந்தப் பெயர் வராந்தாவின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள், செருமல்கூட இல்லாமல், "கீறேங்க" என்று பதில் வந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் அவர் முதல் அழைப்புக்கு வந்ததே இல்லை. சின்னக்கண்ணு வாயைத் திறந்தபடி நின்றார். விதிப்படி மூன்று முறை கூப்பிட்டாக வேண்டும் என்பதால் மற்ற இரண்டையும், உத்தரவுப்படி நேரம் விட்டு விட்டு, மெதுவாகக் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லியாகிவிட்டது. "அவசரம் புடிச்ச மனுசன். தீர்ப்பு எங்க ஓடியா போவப் போவுது?" என்று செவ்வந்தி உரக்கவே சொன்னாள். எவ்வளவு காலமாக இதற்குக் காத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த மனிதர் அந்தத் தூண் பக்கம் கால் கடுக்க நின்றிருக்கிறார். யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் அவள் வாயில் வரவில்லை.

உள்ளே தீர்ப்பு வாசிக்கப்பட்டது. எல்லோர் விரலிலும் இருந்த மஞ்சள் எவரையும் அடையாளம் காட்டாது. ஆகவே அந்த ஓட்டுகள் செல்லும். அவற்றை எண்ணியதில் மாயவன் கல்லேரிக்குப்பம் பஞ்சாயத்துத் தலைவராக முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர். பதவிக்காலம் முடிந்துவிட்டபடியால் மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். சத்தம் போடாதீர்கள் என்று போலீஸ்காரர் ஒருவர் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கமலா சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். வெங்கடேசனைச் சுற்றி இளம் வக்கீல்கள் கை குலுக்கினார்கள். அவர் அங்கேயே அடுத்த மாநாட்டுக்கான பேச்சைத் தொடங்கிவிட்டார்.

செவ்வந்தி உள்ளே போகவில்லை. வெறும் தூணைப் பார்த்து, "எண்ணிட்டாங்கய்யா" என்றாள். பதில் வராது என்று தெரிந்துதான் சொன்னாள். அதற்குள் சின்னக்கண்ணு அடுத்த வழக்குக்காக வெளியே வந்து, செத்து வெகுகாலமான ஒரு வரப்புத் தகராறுக்காரரின் பெயரைக் கூப்பிட்டார். மூன்றாவது அழைப்பில் அதே தூண் பக்கமிருந்து இருமிக்கொண்டே ஒரு கிழட்டுக் குரல் பதில் சொன்னது. செவ்வந்தி அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.